நுரையீரல் தானாக விரிவதில்லை

எல்லோருக்கும் வணக்கம். பேச்சுக்குள் போகும் முன் ஒரு சின்ன வேலை. விலா எலும்புகள் முடிகிற இடத்தில், மேல்வயிற்றில், உள்ளங்கையை வையுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். கை முன்னால் வருகிறதா?

சரி, இப்போது காற்றை உள்ளே இழுத்தது எது? நுரையீரல் என்றுதான் சட்டென்று சொல்வோம். ஆனால் தன்னை விரித்துக்கொள்ளும் தசை நுரையீரலில் இல்லை. அதற்குக் கீழே குடைபோலக் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை சுருங்கிக் கீழே இறங்குகிறது. விலா எலும்புகள் எழுகின்றன. மார்புக்கூடு பெரிதாகி உள்ளே அழுத்தம் குறைந்ததும், வெளிக்காற்று தானே புகுந்துவிடுகிறது. அமைதியாக இருக்கும்போது மூச்சை விட அந்த உழைப்புகூட வேண்டாம். விரிந்த நுரையீரல் ரப்பரைப் போலச் சுருங்கிக்கொள்ளும்.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லி காற்றை இழுக்கிறார். அதில் 150 மில்லி அளவு வழியிலேயே நின்று, இரத்தத்தின் பக்கமே போகாமல் திரும்பிவிடும். அதனால்தான் மேலோட்டமாக வேகவேகமாக இழுக்கும் மூச்சு எத்தனை இழுத்தாலும் போதுவதில்லை.

மூச்சுக்குழல் இரண்டாகி, அவை மறுபடி இரண்டிரண்டாகி, இப்படிச் சுமார் 23 முறை பிரிகிறது. கடைசியில் இருப்பவை காற்று நுண்ணறைகள். 30 கோடிக்குக் குறையாது என்பது கணக்கு. ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர், பெரும்பாலான இடங்களில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக்சிஜன் அதைக் கடந்து இரத்தத்துக்குப் போகிறது, கரியமில வாயு இந்தப் பக்கம் வருகிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். நுண்ணறையின் உட்புறம் ஈரமானது. நீர்ப்படலத்துக்குச் சுருங்கும் குணம் உண்டு. அதன் போக்கில் விட்டால் இத்தனை சிறிய அறைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். அப்படி ஆகாமல் காப்பது நுண்ணறைச் செல்களே சுரக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள். கருவில் அது கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு சேர்கிறது.

அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழியும். விடும்போது மெல்லிய முனகல் கேட்கும். அது அழுகை இல்லை. நுண்ணறைகள் மூடிவிடாதபடி, குரல்வளையைப் பாதி அடைத்துக் காற்றை உள்ளே பிடித்துவைக்க அந்தப் பச்சை உடம்பு படும் பாடு.

இந்தக் குழந்தைகளிடம் இல்லாதது சர்ஃபாக்டன்ட்தான் என்று ஆய்வாளர்கள் மேரி எலன் ஏவரியும் ஜெரே மீடும் 1959-இல் காட்டினார்கள். ஆனாலும் மருந்து வரவில்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் குறைமாதத்தில் பிறந்த மகன் பேட்ரிக், இதே நோயால் இரண்டே நாளில் இறந்துபோனான். அப்புறம் 1980-இல் ஜப்பானிய மருத்துவர் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துச் சீர்செய்த சர்ஃபாக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்தினார். மூடிக்கிடந்த நுண்ணறைகள் திறந்தன.