ஒரு ரூபாய் வெட்டு

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, அழைப்பிதழில் 'அரசியலமைப்பும் நாடாளுமன்றமும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். முகப்புரையிலிருந்து தொடங்கினால் பின்வரிசைக்காரர்கள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவார்கள். நான் ஒரு ரூபாயிலிருந்து தொடங்குகிறேன்.

டெல்லியில் மக்களவை நடக்கிறது. அமைச்சர் ஒருவர் தம் துறைக்கு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் கேட்டு நிற்கிறார். இதற்கு மானியக் கோரிக்கை என்று பெயர். எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொடுத்திருக்கிறார். அதில் இருப்பது ஒரே வரி: இந்தத் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இது விளையாட்டு இல்லை. 'உங்கள் கொள்கை ஒரு ரூபாய்க்கு மேல் பெறாது' என்று விதிகளுக்கு உட்பட்டுச் சொல்லும் முறை இது. ஒரு குறையை மட்டும் சுட்டிக்காட்ட நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லும் வெட்டும் உண்டு, சிக்கனத்துக்காக ஒரு தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டும் உண்டு. ஒரு ரூபாய் வெட்டுதான் கூர்மையானது. அது நிறைவேறினால் அவையின் நம்பிக்கையை அரசு இழந்துவிட்டதாகவே கொள்வார்கள்.

இவ்வளவு பெரிய அரசு எதற்காகக் கேட்டு நிற்க வேண்டும்? பெட்டியும் சாவியும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-வது பிரிவு. வசூலான பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு காசு எடுக்க வேண்டுமானாலும் நிதி ஒதுக்கச் சட்டம் வேண்டும். அந்த அனுமதியும் ஓராண்டுக்குத்தான். மார்ச் 31 நள்ளிரவோடு அது காலாவதியாகிவிடும். எவ்வளவு பெரும்பான்மை பெற்ற பிரதமரும் அடுத்த ஆண்டு மறுபடி வந்து கேட்கத்தான் வேண்டும். நீதிபதிகளின் சம்பளம், கடனுக்கான வட்டி போன்ற சில செலவுகளுக்கு மட்டும் வாக்கெடுப்பு கிடையாது. மாநிலங்களவை பட்ஜெட்டை விவாதிக்கலாம், மானியத்துக்கு வாக்களிக்க முடியாது.

இந்தப் பூட்டு இங்கே செய்யப்பட்டதில்லை. இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸ் 1629-இல் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டுப் பதினோரு ஆண்டுகள் தானே ஆண்டு பார்த்தார். ஸ்காட்லாந்தோடு சண்டை வந்தது, கையில் பணம் இல்லை, 1640-இல் வேறு வழியின்றி அதைக் கூட்டினார். அப்புறம் நடந்ததை வரலாற்று ஆசிரியர்கள் சொல்வார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

இவ்வளவும் ஏட்டில் இருப்பது. அவையில் நடப்பது வேறு. எல்லாத் துறைகளின் கோரிக்கைகளையும் விவாதிக்க நாள் போதாது. சிலவற்றை மட்டும் விவாதிப்பார்கள். கடைசி நாள், குறித்த நேரம் வந்ததும் மீதி எல்லாவற்றையும் சபாநாயகர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவார். இதற்குக் 'கில்லட்டின்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் தலை வெட்டிய பொறியின் பெயர். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை இருந்திருக்கிறது. அமைச்சர் கேட்பதை வெட்ட உறுப்பினருக்கு ஒரு ரூபாய். உறுப்பினர் பேச்சை வெட்ட கில்லட்டின். 2018 மார்ச் 14 அன்று எல்லா மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். எங்கள் தெருவில் கோயில் திருவிழாக் கணக்கு படித்து முடிக்க இதைவிட அதிக நேரம் ஆகும், சண்டையும் வரும்.

வாக்கெடுப்பு வந்தாலும் முடிவு முன்பே தெரிந்ததுதான். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். 2010 ஏப்ரலில் விலைவாசியை முன்வைத்து வெட்டுத் தீர்மானங்கள் வந்தபோது ஆதரவு 201, எதிர்ப்பு 289. அரசு தப்பித்தது.

அப்படியானால் உறுப்பினர் கையில் என்னதான் மிச்சம் என்று கேட்பீர்கள். வாய் மிச்சம். ஒரு கதை சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. பிறந்தது. மறு ஆண்டு ஜூனில், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனப் பங்குகளை எல்.ஐ.சி. ஏறக்குறைய 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. தன் முதலீட்டுக் குழுவைக்கூடக் கேட்காமல் வாங்கியது. முந்த்ரா அப்போது பணமுடையில் தத்தளித்துக்கொண்டிருந்தார். பாலிசிதாரர்களின் பணம் அவருக்குக் கைத்தாங்கலாகப் போனது.

1957 டிசம்பர் 16 அன்று மக்களவையில் இதை விரித்துப் பேசியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ரேபரேலி காங்கிரஸ் உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மருமகன். சபாநாயகர் நாற்காலியில் அந்த ஆண்டுகளில் இருந்தவர் நம் அனந்தசயனம் ஐயங்கார். பதில் சொல்ல வேண்டிய நிதியமைச்சரோ சென்னையின் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, நேருவுக்கு வேண்டியவர். மாமனார் தலைமை வகிக்கும் அரசை, தேதியும் தொகையுமாக அடுக்கி, சொந்தக் கட்சியின் வரிசையில் நின்றே மருமகன் மடக்கினார்.

விஷயம் அமுங்கவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரணை மூடிய அறையில் நடக்கவில்லை. இடம் கிடைக்காத கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். பொதுப்பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பதைத் தெருவில் நின்று ஜனங்கள் கேட்டார்கள். ஒரு மாதத்துக்குள் வேலை முடிந்தது. நிதித்துறைச் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா.

1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பட்ஜெட்டுக்குச் சில நாட்களே இருந்தன. மாதக் கடைசியில், நிதியமைச்சர் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நேரு தாமே எழுந்து நின்று, அடுத்த ஆண்டுச் செலவுக்கு அவையிடம் பணம் கேட்டார்.