மேல் தாடை நீர்க்கட்டி எடுத்த பள்ளம்: எலும்பு எப்போ நிரம்பும்?

[திரையில்: ஒரே ஆளோட ரெண்டு எக்ஸ்ரே. ஒண்ணு ஆபரேஷனுக்கு முன்னாடி, இன்னொண்ணு மூணு மாசம் கழிச்சு.]

ரெண்டு படத்துலயும் மேல் முன்பல் வேருக்கு மேல கறுப்பா ஒரு வட்டம் இருக்கு. மூணாம் மாசப் படத்தைப் பார்த்துட்டு, "கட்டியை எடுத்தாச்சுன்னாங்களே, அப்படியே இருக்கே?"ன்னு பதறுறவங்க நிறைய பேர். அங்க இப்போ இருக்கறது பெரும்பாலும் கட்டி இல்ல, சுண்ணாம்புச் சத்து இன்னும் சரியா ஏறாத இளம் திசு. வட்டத்தோட ஓரத்தைப் பாருங்க. முதல் படத்துல பென்சில்ல கோடு போட்ட மாதிரி வெள்ளை விளிம்பு. ரெண்டாவதுல அது மங்கி, கலைஞ்சு போயிருக்கு. ஆறுதுங்கறதுக்கு முதல் அடையாளமே அதுதான்.

[திரையில்: தாடை எலும்பின் குறுக்குவெட்டுப் படம்.]

பல்லோட உயிர் செத்துப்போய், வேர் நுனியில வர்ற நீர்க்கட்டிதான் அதிகம். ஈறைத் தூக்கி, கட்டியோட உறையை முழுசா உரிச்சு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவாங்க. பள்ளத்துல ரத்தம் நிரம்பி உறையும். முதல் வாரம் அதுக்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் வளரும். அடுத்த ரெண்டு மூணு வாரத்துல சுற்றுச்சுவர்ல இருந்து புது எலும்பு முளைக்கும், ஓரத்துல தொடங்கி நடுவை நோக்கி. கண்ணுக்குத் தெரியற தையலை ஏழிலிருந்து பத்து நாள்ல பிரிச்சிடுவாங்க. உள்ள வேலை அப்பத்தான் ஆரம்பம். சின்னப் பள்ளம் நிரம்ப ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும். பெருசா இருந்தா ரெண்டு வருஷம்கூட ஆகலாம்.

"எலும்புப் பொடி வைக்கலையா டாக்டர்?"னு கேக்கறாங்க. சுவர்கள் நல்லா இருந்தா, உறைஞ்ச ரத்தமே போதும். அதோட, பொடி வச்ச இடம் முதல் நாளே எக்ஸ்ரேல வெள்ளையாத் தெரியும். உங்க எலும்பு எவ்வளவு வளர்ந்துச்சுன்னு பிரிச்சுப் பார்க்கறது கஷ்டம். முன்பக்கச் சுவரும் அண்ணப் பக்கச் சுவரும் ரெண்டுமே கரைஞ்சு போயிருந்தா கதை வேற. எலும்பை முந்திக்கிட்டு ரெண்டு பக்கத்துல இருந்தும் மென்மையான சதை உள்ள வந்துடும். அதைத் தடுக்கத்தான் ஜவ்வு வைப்பாங்க. சதை வந்து வடுவா நின்னுட்டா, அந்த இடம் ஆயுசுக்கும் கறுப்பாவே தெரியலாம். வலி, வீக்கம், சீழ் இல்லாம, அளவும் மாறாம இருந்தா அது நோய் இல்ல.

[திரையில்: கடைவாய்ப்பல் வேரும் சைனஸ் அறையும்.]

மேல் தாடைக்குன்னு ஒரு தனிச் சிக்கல் உண்டு, சைனஸ், அதாவது மூக்கோட சேர்ந்த காற்றறை. கடைவாய்ப்பல் பக்கம் இருக்கற கட்டி பல சமயம் சைனஸ் சவ்வை ஒட்டியே இருக்கும். அப்படின்னா ரெண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீங்க, டம்ளர்ல ஊத்திக் குடிங்க. கடலூர் சில்வர் பீச்சுல முங்கிக் குளிக்கறதையும் தள்ளி வைங்க. தண்ணி குடிக்கும்போது மூக்கு வழியா வந்தா, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

வீக்கம் ரெண்டாம் நாள், மூணாம் நாள் உச்சத்துக்குப் போகும். பயப்பட வேண்டாம். நாலாம் நாளுக்கு அப்புறம் திரும்ப ஏறினாலோ, காய்ச்சலோ கெட்ட வாடையோ வந்தாலோ, அது கிருமித்தொற்றா இருக்கலாம். முதல் நாள் கொப்பளிக்கவே வேண்டாம். மறுநாள்ல இருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன் உப்பு. அதையும் வேகமாச் சுழட்டாம, வாய்ல வச்சிருந்து அப்படியே விடுங்க. உறைஞ்ச ரத்தம் கலைஞ்சா எலும்புக்குப் பிடிமானமே இருக்காது. சாப்பாடு குழைஞ்ச சோறு, ஆறின ரசம், இட்லி. நாலஞ்சு நாள் போனதும் காரம் குறைச்சு, முள் பார்த்து எடுத்த சுறாப்புட்டு தாராளமா சாப்பிடலாம். பண்ருட்டி வறுத்த முந்திரிக்கு அவசரப்படாதீங்க, தூள் தையல்ல போய் மாட்டும்.

தையல் பிரிஞ்சு பள்ளம் திறந்துக்கறதுதான் நாம அடிக்கடி பார்க்கற கோளாறு. பீடி, சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை, மேல அழுத்தற செயற்கைப் பல் செட், இவைதான் முக்கியக் காரணம். திறந்துக்கிட்டா மருந்துத் துணி அடைச்சு, மாத்தி மாத்தி, அடியிலிருந்து ஆற வைப்பாங்க. குணமாகும், ஆனா மாசக் கணக்குல இழுக்கும். இன்னொண்ணு, கட்டிக்குக் காரணமான பல்லைக் கவனிக்காம விடறது. அதை எடுத்திருக்கணும், இல்லைன்னா ரூட் கனால் பண்ணி, வேர் நுனியில சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டி அடைச்சிருக்கணும். ரெண்டும் நடக்கலைன்னா கட்டி திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

[திரையில்: சிடி உறை, பயாப்ஸி ரிப்போர்ட்.]

ஆறாம் மாசமும் ஒரு வருஷத்துலயும் எக்ஸ்ரே எடுப்பாங்க. முதல்ல ஓபிஜி (ரெண்டு தாடையும் ஒரே படத்துல தெரியற எக்ஸ்ரே) எடுத்திருந்தா அப்பவும் ஓபிஜிதான், வகை மாறினா ஒப்பிட முடியாது. புதுச்சேரி கோரிமேடு பல் மருத்துவக் கல்லூரியில ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, வீட்டுக்குப் பக்கம்னு சிதம்பரம் அண்ணாமலை நகர்ல காட்டப் போறவங்க பழைய எக்ஸ்ரே பதிஞ்ச சிடியை மறக்காம எடுத்துட்டுப் போங்க. செல்போன்ல எடுத்த போட்டோவுல அந்த மெல்லிய விளிம்பு தெரியாது. பயாப்ஸி ரிப்போர்ட்டும் கூடவே இருக்கட்டும். அதுல கெரட்டோசிஸ்ட்னு இருந்தா, எலும்பு முழுசா நிரம்பின பிறகும் திரும்ப வரக்கூடிய வகை அது. குறைஞ்சது அஞ்சு வருஷமாவது வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்த்தே ஆகணும்.