வீட்டைத் தேடும் முன் வாங்குபவரைத் தேடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில், டல்லாஸ் வட்டாரத்தில் பழைய வீடுகளை வாங்கி, பழுதுபார்த்து, விற்கிற வேலை என்னுடையது. ஹோல்சேலிங் செய்கிறவர்கள் தினமும் ஏதாவது ஒரு வீட்டை என் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அதில் முக்கால்வாசியை நான் இரண்டு நிமிடத்தில் ஒதுக்கிவிடுவேன். இந்த ஹோல்சேலிங் தொழிலைப் புதிதாக ஆரம்பிக்க நினைக்கிற நம்மவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டதால், வாங்குகிறவனின் பக்கத்திலிருந்தே பேசுகிறேன்.

முதலில் தொழில் என்ன என்று பார்த்துவிடலாம். ஒருவருக்கு வீட்டை அவசரமாக விற்க வேண்டியிருக்கிறது. சொத்து வரி பாக்கி நிற்கலாம், விவாகரத்து நடக்கலாம், அப்பா அம்மா காலமாகி, பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்தில் இருக்கலாம். வீடும் ரியல்டர், அதாவது உரிமம் பெற்ற வீட்டுத் தரகர், மூலம் சந்தைக்குக் கொண்டுபோகிற நிலையில் இல்லை. நீங்கள் அவரோடு ஒரு விலை பேசி ஒப்பந்தம் போடுகிறீர்கள். பிறகு அந்த ஒப்பந்தத்தை என்னைப் போன்ற ஒருவருக்கு மாற்றிக் கொடுத்து, அதற்கு ஒரு தொகை வாங்கிக்கொள்கிறீர்கள். அதற்குப் பெயர் அசைன்மென்ட் ஃபீ. ஊரில் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டு, பத்திரம் பதிவதற்குள் இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இங்கே நடுவில், வீட்டின் உரிமையைச் சரிபார்த்துக் கைமாற்றி முடித்துக் கொடுக்கிற டைட்டில் கம்பெனி என்று ஒன்று இருக்கிறது. பணம் அவர்கள் வழியாகத்தான் போகும். உங்கள் ஃபீ எவ்வளவு என்பது க்ளோசிங் கணக்கில், அதாவது வீடு கைமாறும்போது போடுகிற கணக்கில், ஒரு வரியாக வந்துவிடும். கொடுக்கிற நானும் பார்ப்பேன், விற்பவர் கண்ணிலும் படலாம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது பொருந்தும். எச்-1பி விசாவில் இருப்பவர் விசா எடுத்துக் கொடுத்த முதலாளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். வீடு வாங்கி வாடகைக்கு விடுவது முதலீடு. ஆனால் ஹோல்சேலிங்கில் முதலீடு என்று ஒன்றும் இல்லை, முழுக்க உழைப்புதான்: ஆளைத் தேடுவது, பேசுவது, ஒப்பந்தம் போடுவது. “எல்.எல்.சி. கம்பெனி ஒன்றின் பெயரில் செய்தால் சரியாகிவிடும்” என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு அப்புறம் யோசியுங்கள். கிரீன் கார்டு இருக்கிறவர்கள், வேலை அனுமதி அட்டை வைத்திருக்கிற எச்-4 துணைவர்கள் ஆகியோருக்கு இந்தத் தடை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் விற்கிற வீட்டைத் தேடுகிறார்கள். நான் சொல்வது, முதலில் வாங்குகிற ஆளைத் தேடுங்கள். பணம் வைத்துக்கொண்டு காத்திருக்கிற நாலைந்து பேரைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கையெழுத்தும் வாங்காதீர்கள்.

அவர்களை எங்கே பிடிப்பது? டெக்சாஸில் கடன் கட்டாத வீடுகளின் ஏலம் ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) குறித்துவைத்த இடத்தில், காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவே நடக்கும். போய்ச் சும்மா நில்லுங்கள். அங்கே ஏலம் கேட்கிறவர்கள் எல்லோரும் ரொக்கத்தோடு வருகிறவர்கள். அப்புறம் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில் எந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சமீபத்தில் கைமாறி, வீடு ஒரு முகவரியிலும் உரிமையாளரின் தபால் முகவரி வேறிடத்திலும் இருந்தால், அது முதலீட்டாளர் வாங்கியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இவர்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுக்கிற ஹார்ட் மணி ஆட்களைக் கேட்டால் இன்னும் நாலு பேரைச் சொல்வார்கள்.

ஆளைப் பார்த்ததும் கேட்க வேண்டியது எளிது. எந்த ஜிப் கோடில் வாங்குவீர்கள்? எந்த வருஷத்துக்குப் பிறகு கட்டிய வீடு வேண்டும்? ஃபவுண்டேஷன் வேலை இருந்தால் எடுப்பீர்களா? எத்தனை நாளில் பணம் கட்ட முடியும்? ஒருவர் மெஸ்கீட்டில் மட்டும் வாங்குவார். இன்னொருவர் கார்லண்டை விட்டு நகரமாட்டார். நம்மவர்கள் பெரும்பாலும் ஃபிரிஸ்கோ, பிளேனோ என்று தாங்கள் குடியிருக்கிற இடத்தையே சுற்றி வருவார்கள். ஃபிரிஸ்கோவில் பெரும்பாலும் 2000க்குப் பிறகு எழுந்த வீடுகள். அங்கே எங்களுக்கு என்ன வேலை இருக்கிறது?

வாங்குகிறவர் மனதில் இருக்கிற கணக்கு தெரிந்துவிட்டால், விற்பவரிடம் என்ன விலை பேசுவது என்பது தானாகத் தெரியும். புதுப்பித்த பிறகு 3 லட்சம் டாலருக்கு விற்கக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 70 சதவீதம் 2 லட்சத்து 10 ஆயிரம். பழுது வேலைக்கு 50 ஆயிரம் ஆகும் என்றால் மீதி 1 லட்சத்து 60 ஆயிரம். என் கையிலிருந்து போகக்கூடியது அவ்வளவுதான். உங்களுக்கு 10 ஆயிரம் வேண்டுமானால், விற்பவரோடு நீங்கள் 1 லட்சத்து 50 ஆயிரத்துக்குள் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். விட்டுவைத்த 30 சதவீதம் முழுக்க எனக்கு லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். ரியல்டர் கமிஷன், கடன் வட்டி, இன்சூரன்ஸ், க்ளோசிங் செலவு, டெக்சாஸ் சொத்து வரி எல்லாம் அதிலிருந்துதான் போகும்.

இந்தக் கணக்கில் இரண்டு எண்கள்தான் புதியவர்களைக் கவிழ்க்கும். ஒன்று, விற்கப்போகிற விலை. டெக்சாஸில் ஒரு வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பதை அரசிடம் தெரிவிக்க வேண்டியதில்லை. கவுண்டி தளத்தில் வரி மதிப்பு இருக்கும், விற்ற விலை இருக்காது. ஜில்லோ என்கிற வீட்டு விற்பனைத் தளம் காட்டுவது அவர்களின் யூகம். உண்மையான விலை ரியல்டர்களின் எம்.எல்.எஸ். பட்டியலில்தான் கிடைக்கும். ஆகவே ஒரு ரியல்டரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே உரிமம் எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், உரிமம் எடுப்பதுதான் நல்லது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, பழுதுச் செலவு. டல்லாஸ் மண் நம் கரிசல் மண்ணின் ஜாதி. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே ஒரு கான்கிரீட் பலகையில் உட்கார்ந்திருக்கிற வீடு அதோடு சேர்ந்து ஆடும். கதவு சாத்தினால் பொருந்தவில்லையா, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் போகிறதா, வெளிச்செங்கலில் படிப்படியாகப் பிளவு தெரிகிறதா என்று பாருங்கள். 1960களின் வீடுகளில் கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் வார்ப்பிரும்பு, அதுவும் கான்கிரீட்டுக்கு அடியில். அது துருப்பிடித்து உடைந்திருந்தால் தரைக்குக் கீழே சுரங்கம் தோண்டித்தான் மாற்றுவார்கள். எனக்கு அனுப்புகிற படங்களில் சமையலறை மேடையும் குளியலறை ஓடும் விதவிதமாக இருக்கும். அதெல்லாம் எப்படியும் நான் பெயர்த்துப் போடப்போகிறது. குழாய் படம் ஒருவரும் அனுப்பியதில்லை! வீட்டை வாங்குகிறவர் ஒருவரோடு சேர்ந்து சில வீடுகளைச் சுற்றிப் பாருங்கள். பணம் கட்டிப் படிக்கிற வகுப்பில் இது வராது. அந்த வகுப்புகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை.

ஆள் இல்லாமல் ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும்? டெக்சாஸ் ஒப்பந்தத்தில் ஆப்ஷன் பீரியட் என்று சில நாட்கள் எழுதிக்கொள்ளலாம். ஒரு சிறு தொகை கொடுத்துவிட்டு, அதற்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். அதனால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் விற்பவரின் நிலையைப் பாருங்கள். கடன் கட்டாமல் ஏலத்துக்கு வந்த வீடு என்றால், ஏலத்துக்கு 21 நாள் முன்னால் அறிவிப்பு ஒட்டினால் போதும். அதில் பத்து நாளை நீங்கள் ஆள் தேடுகிறேன் என்று தின்றுவிட்டுக் கடைசி நாளில் கழன்றுகொண்டால், அவருக்கு வேறு ஆள் பார்க்க நேரமே இருக்காது. உட்கார்ந்து பேசும்போதே, “இந்த வீட்டை நான் வாங்கவில்லை, முதலீட்டாளர் ஒருவருக்கு மாற்றித் தருவேன், இன்ன தேதிக்குள் முடியவில்லை என்றால் சொல்லிவிடுவேன்” என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுச் சிலர் வேண்டாம் என்பார்கள். அவர்களை விட்டுவிடுங்கள்.

இந்த மாதிரி கழன்றுகொண்டவர்களும், வயதானவர்களிடம் பாதி விலைக்குக் கையெழுத்து வாங்கியவர்களும் சேர்ந்துதான் சட்டங்களை இழுத்து வந்தார்கள். இல்லினாயில் 2019க்குப் பிறகு, 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் செய்தால் உரிமம் வேண்டும். ஓக்லஹோமா 2021இல் சட்டம் கொண்டுவந்தது. தென் கரோலினா 2024இல் தடையே போட்டுவிட்டது. பென்சில்வேனியாவில் 2025 ஜனவரியிலிருந்து உரிமம் கட்டாயம். டெக்சாஸில் உரிமம் இல்லாமல் செய்யலாம், ஆனால் கையில் இருப்பது ஒப்பந்த உரிமை மட்டும்தான், வீடு உங்களுடையது இல்லை என்பதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வீட்டையே விற்பதுபோல விளம்பரம் செய்தால் உரிமமில்லாத் தரகு ஆகிவிடும். உரிமம் எடுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

போன் விஷயத்திலும் கவனம். பட்டியல் வாங்கி ஆயிரக்கணக்கில் குறுஞ்செய்தி தட்டிவிடுகிற வேலை வேண்டாம். அனுமதியில்லாமல் தானியங்கிக் கருவியால் கூப்பிடுவது, ‘அழைக்க வேண்டாம்’ பட்டியலில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்வது போன்றவற்றுக்கு ஒவ்வொரு அழைப்புக்கும் 500 டாலர், தெரிந்தே செய்தால் 1,500 டாலர் வரை அவர்கள் வழக்குப் போட்டு வாங்கலாம். கையால் எழுதிய ஒரு கடிதத்துக்கு அந்த ஆபத்து இல்லை, பதிலும் வருகிறது.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஃபீ மூலதன ஆதாயம் ஆகாது, தொழில் வருமானம்தான். கூட்டாட்சி வருமான வரிக்கு மேல் 15.3 சதவீத சுயதொழில் வரியும் சேரும். டைட்டில் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு கொடுக்காது, முழுத் தொகையும் உங்கள் கணக்குக்கு வரும். வந்த அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்கிவையுங்கள். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நாலு தவணையில் கட்ட வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.