ஒட்டுப்போட்ட இடத்தைப் பாருங்கள்

(பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பான் செல்லும் பொறியியல் மாணவர்களுக்கான வழியனுப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆய்வகம், காப்பீடு, குளிர், யாரும் கேட்காமலே பருப்புப் பொடி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது உங்கள் பயண அட்டவணையில் ‘ஓய்வு’ என்று போட்டிருக்கும் அந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு எங்கெல்லாம் போவதென்று உங்களில் சிலர் போட்டு வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தேன். காலையில் ஒசாகா கோட்டை, பத்தரைக்குக் கியோட்டோ, பொன் வேய்ந்த கோயில், மூங்கில் காடு, சாயங்காலம் தோதோன்போரியில் விளக்கு அலங்காரம். போய்வரலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்த நாளில் பாதி ரயில் நிலையப் படிக்கட்டுகளில்தான் கழியும். என்னைக் கேட்டால் நாராவுக்கு மட்டும் போங்கள் என்பேன். அங்கேயும் தோதாய்ஜி என்ற ஒரே கோயிலில் பாதி நாள் இருங்கள்.

ஒசாகா நம்பாவில் கின்டெட்சு ரயில் ஏறினால் சுமார் நாற்பது நிமிடத்தில் நாரா. இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஒரு பரந்த புல்வெளிக்கு நடுவே போகும். கைபேசியைப் பையில் போட்டுவிட்டு வலப்பக்க ஜன்னலைப் பாருங்கள். 710இல் ஜப்பானின் தலைநகரான ஹெய்ஜோ நகரத்து அரண்மனை வளாகம் அது. அங்கே நிற்கும் சிவப்புத் தூண் வாயில் பார்க்கப் பழையதுபோல இருக்கும். 1998இல் திரும்பக் கட்டியது. அன்றைக்கு முழுக்க நீங்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டிய கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது. இதில் எது எப்போது செய்தது?

நாரா நிலையத்திலிருந்து நடந்தால் வழியெல்லாம் மான்கள், ஆயிரத்துக்கும் மேல். கசுகா ஆலயத்துத் தெய்வத்தின் தூதர்கள் என்று நம்பிக்கை. யாருக்கும் சொந்தமில்லாத காட்டு விலங்குகள் என்பது நடைமுறை. பிஸ்கட்டுக்காக மான் தலை குனிந்து வணங்கும் படத்தை எல்லோரும் போடுகிறார்கள். பிஸ்கட் தீர்ந்ததும் சட்டையைப் பிடித்து இழுப்பதை யாரும் போடுவதில்லை. காகிதம் எதையும் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், வரைபடத்தையும் தின்றுவிடும்.

அப்புறம் வருவது தெற்குப் பெருவாயில், நந்தாய்மோன். 1199இல் எழுப்பியது. எல்லோரும் அதைக் கடந்து உள்ளே ஓடுவார்கள். நீங்கள் கட்டுமானம் படிப்பவர்கள், வாயிலுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். உள்கூரை என்று மறைப்பு ஒன்றும் கிடையாது. சுமார் 21 மீட்டர் உயரத்துக்கு 18 தூண்கள் கூரை வரை நேராகப் போகின்றன. அவற்றைக் குடைந்துகொண்டு குறுக்கு விட்டங்கள் அடுக்கடுக்காகப் பாய்கின்றன. தூணின் மேல் விட்டத்தை வைக்கவில்லை, தூணுக்குள்ளேயே செலுத்தி இறுக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் உலுக்கினாலும் சட்டகம் ஒட்டுமொத்தமாகத் தாங்கும். வாயிலின் இருபுறமும் நிற்கும் காவல் தெய்வங்கள் ஒவ்வொன்றும் எட்டு மீட்டருக்கு மேல். ஒவ்வொன்றிலும் மூவாயிரம் அளவில் மரத்துண்டுகள். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளின் பட்டறை 1203இல் 69 நாளில் முடித்தது. வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் புராஜெக்ட் வேலைக்கே ஒரு செமஸ்டர் போதவில்லை.

சரி, உள்ளே போவோம். பெரிய புத்தர் மண்டபம்.

735 முதல் 737 வரை ஜப்பானில் பெரியம்மை பரவியது. மக்களில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டிருப்பார்கள் என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆட்சியைக் கையில் வைத்திருந்த புஜிவாரா சகோதரர்கள் நால்வரும் ஒரே ஆண்டில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அடி வாங்கிய பேரரசர் ஷோமுதான் 743இல் இந்தச் சிலைக்கு ஆணை போட்டார். ஒரு புல்லோ, ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ விரும்புகிறவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ஆணை சொல்கிறது. நிதி திரட்ட ஊர் ஊராகப் போனவர் கியோகி என்ற துறவி. அனுமதியில்லாமல் மக்களைக் கூட்டுகிறார் என்று அதே அரசு முன்பு அவர்மீது தடை போட்டிருந்தது! இதுவும் நமக்குப் புதிதில்லை, விடுங்கள்.

சுமார் 15 மீட்டர் உயர வெண்கலச் சிலை. ஒரே வார்ப்பில் வராது. கீழிருந்து மேலாக எட்டுக் கட்டமாக வார்த்தார்கள். சுற்றி மண்ணைக் குவித்து உயர்த்திக்கொண்டே போய், கடைசியில் அந்த மண் மலையை அகற்றினார்கள். தங்க முலாம் பாதரசத்தில் கரைத்துப் பூசியது. சூடேற்றினால் பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டும். அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்களைப் பற்றி வழிகாட்டிகள் அதிகம் பேசுவதில்லை. வேதியியல் படித்த நீங்கள் அதை நினைக்காமல் இருக்கக் கூடாது.

752இல் கண் திறப்பு விழா. கருவிழியை வரைந்தவர் போதிசேனர், 736இல் சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்த இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்து கண் திறந்ததாகக் கணக்கு. அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கருவூலப் பொருள்களில் சிலவற்றை ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நீங்கள் போகும் நேரத்தோடு ஒத்துவந்தால் விடாதீர்கள்.

இங்கேதான் எல்லோரும் ‘1,270 ஆண்டுப் பழமை’ என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். 855இல் நிலநடுக்கத்தில் தலை விழுந்தது. 1180இல் போர், தீ. அப்போது சோகென் என்ற துறவி, அறுபது வயதைத் தாண்டியவர், நாட்டின் மேற்குப் பகுதியிலிருந்து மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து மறுபடி கட்டினார். நாம் பார்த்த பெருவாயில் அவர் வேலைதான். 1567இல் மறுபடி போர், மறுபடி தீ. 1610இல் தற்காலிகக் கூரையும் காற்றில் போய், ஏறத்தாழ நூறாண்டு புத்தர் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார். கோகெய் என்ற துறவி பிச்சையெடுத்து நிதி சேர்த்து 1692இல் சிலையை மீட்டார். மண்டபம் முடிந்தது 1709இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

ஆகவே இன்றைக்கு நீங்கள் வணங்கும் முகம் பதினேழாம் நூற்றாண்டுடையது. எட்டாம் நூற்றாண்டு வேண்டுமென்றால் கீழே, பீடத்துத் தாமரை இதழ்களில் தேட வேண்டும். அதில் நுண்கோடுகளாக உலகங்கள் பொறித்திருக்கும்.

மண்டபத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். பழையது 86 மீட்டர் அகலம், இப்போதிருப்பது 57. பணமும் இல்லை, மரமும் இல்லை. தூண் பக்கத்தில் போய்ப் பாருங்கள், ஒரே மரமாக இருக்காது. நடுமரத்தைச் சுற்றிப் பலகைகளை அடுக்கி, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதுபோல இரும்புப் பட்டை போட்டு ஆணியடித்திருப்பார்கள். விரலால் தடவினால் இடுக்கு தட்டுப்படும். மேலே போகும் இரண்டு பெரிய உத்தரங்கள் மட்டும் முழு மரம், தலா 23 மீட்டர். அதற்குத் தெற்கே கியூஷூ வரை போக வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டின் கனம் தாங்காமல் கூரை தொய்ந்தபோது இங்கிலாந்திலிருந்து எஃகை வரவழைத்துக் கூரைக்குள்ளே டிரஸ் (truss) என்ற தாங்கு சட்டகம் கொடுத்தார்கள். கீழிருந்து பார்த்தால் தெரியாது. ‘பாரம்பரியத்தில் இரும்பைக் கலந்துவிட்டார்களே’ என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு வருத்தமில்லை. கூரை நிற்கிறது.

பின்பக்கம் ஒரு தூணின் அடியில் துளை இருக்கும். புத்தரின் மூக்குத் துளை அளவாம், நுழைந்து வந்தால் புண்ணியமாம். குழந்தைகளுக்கான வரிசை அது. உங்களில் சிலருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெளியே சிவப்புத் துணி போர்த்திய பின்சுரு என்ற மரச்சிலை. நமக்கு எங்கே வலியோ அவருக்கு அங்கே தொட வேண்டும். முழங்கால் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. நானும் தொட்டேன்.

வளாகத்தில் ஒரே நிறத் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். சுற்றுலா அவர்களுக்குப் பள்ளி வாழ்க்கையின் அங்கம், நாராவும் கியோட்டோவும் அதற்கான ஊர்கள். நாலு பேர் சேர்ந்து, கையில் ஒரு தாளோடு உங்களிடம் வந்து ஆங்கிலத்தில் பேட்டி எடுக்கக்கூடும். எங்கிருந்து வருகிறீர்கள், ஜப்பானில் என்ன பிடிக்கும், கையெழுத்துப் போடுங்கள். அவசரமில்லாமல் பதில் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்களும் ஒன்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமியிடம் இந்த மண்டபத்தில் உனக்கு எது பிடித்தது என்று கேட்டேன். தோழிகளோடு கலந்து பேசிவிட்டு, தூணிலிருந்த ஆணியைக் காட்டினாள். புத்தரைக் காட்டுவாள் என்று நினைத்திருந்தேன்.

மதியம் பசித்தால் அந்த ஊர்ச் சாப்பாடு காக்கினோஹா சுஷி, காக்கி (persimmon) என்ற பழமரத்தின் இலையில் மடித்த சோறும் உப்பிட்ட மீனும். கடல் இல்லாத ஊர், உப்பிட்டால்தான் மீன் வந்து சேரும். இலையைத் தின்னக் கூடாது. சைவக்காரர்கள் முதலிலேயே பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே அலைய முடியாது.

நேரம் மிச்சமிருந்தால் கசுகா ஆலயம். மூவாயிரம் விளக்குகள், பாதை நெடுகக் கல்லில், உள்ளே வெண்கலத்தில். அங்கே பழுது பார்க்கும் முறையே வேறு. இருபது ஆண்டுக்கு ஒருமுறை கருவறையைப் புதுப்பித்துவிடுவது வழக்கம்; அறுபதாவது தடவை முடிந்தது 2016இல். பார்த்தால் நேற்றுப் பூசிய சிவப்பு. இது பழையதா, புதியதா என்று உங்களுக்குள் சண்டை வரும், வரட்டும். செய்நேர்த்தி கைமாறிக்கொண்டே இருக்க அதுதான் சரியான வழி என்று என் நண்பர்கள் வாதாடுவார்கள். நான் தோதாய்ஜி கட்சி. ஒட்டுப்போட்டது ஒட்டுப்போட்டதாகவே தெரிய வேண்டும் எனக்கு.

பெரிய புத்தர் மண்டபத்தைச் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் சாத்திவிடுவார்கள், அதனால் அதை முதலில் பாருங்கள், கசுகாவைப் பின்னால் வையுங்கள். மற்றதைக் கேள்வி நேரத்தில் பேசுவோம். மான் கடித்தால் காப்பீடு உண்டா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது முன்னால் பேசியவர் துறை.