முதல் மணித்தியாலத்தில் யார் பேசுவது?

(யாழ்ப்பாணத்தில் உயர்கல்வி நிறுவனங்களின் நிர்வாகிகள், விரிவுரையாளர்கள், விடுதிக் காப்பாளர்கள், மாணவப் பிரதிநிதிகள் ஆகியோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய பீடாதிபதிகளே, பதிவாளர்களே, விடுதிக் காப்பாளர்களே, மாணவப் பிரதிநிதிகளே,

நெருக்கடிகாலத் தொடர்பாடலுக்கு ஒரு பல்கலைக்கழகம் எவ்வாறு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். இத்தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் ஊடகங்களை எப்படிச் சமாளிப்பது என்பதிலிருந்தே தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விபரீதம் நிகழும் இரவில் ஊடகவியலாளருக்கு முன்னர் செய்தி போய்ச் சேர வேண்டியவர்கள் விடுதியில் இருக்கும் மாணவர்களும், ஊரில் இருக்கும் அவர்களது பெற்றோரும், வாயிலில் நிற்கும் காவலாளியுமே. எனவே நான் முதலில் கேட்க விரும்புவது இதுதான்: துணைவேந்தர் கொழும்பில் நிற்கும் ஓர் இரவில், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல், நிறுவனத்தின் பெயரால் முதல் அறிவித்தலை வெளியிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

இக்கேள்விக்கு விடை இல்லாமையின் விலையை அமெரிக்காவின் வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழகம் 2007 ஏப்ரல் 16 அன்று செலுத்தியது. காலை 7.15 மணியளவில் மாணவர் விடுதி ஒன்றில் இருவர் சுடப்பட்டனர். சுட்டவர் வளாகத்தை விட்டுப் போயிருப்பார், இது இருவருக்கிடையிலான தனிப்பட்ட விவகாரமாக இருக்கும் என்ற ஊகத்தில் விசாரணை நகர்ந்தது. மாணவர்களுக்கான முதல் மின்னஞ்சல் 9.26க்கே புறப்பட்டது. அதன்பின் கால் மணித்தியாலம் கழிவதற்குள் அதே நபர் வகுப்பறைக் கட்டடம் ஒன்றினுள் புகுந்தார். அன்று கொல்லப்பட்டோர் மொத்தம் 32 பேர். பின்னர் ஆளுநர் நியமித்த விசாரணைக் குழு இந்தத் தாமதத்தைக் கடுமையாகக் குறை கூறியது. அந்த அறிக்கையில் நிர்வாகிகளாகிய நாம் நின்று வாசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிலைமையை நேரில் கண்ட வளாகப் பொலிஸாருக்கு எச்சரிக்கைச் செய்தியைத் தாமே அனுப்பும் வசதி இருக்கவில்லை. உயர்மட்டக் குழுவொன்று கூடி, பேசி, வாசகத்தை முடிவு செய்த பின்னரே செய்தி வெளியேற முடிந்தது. நல்ல நோக்கமுள்ளவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து சொற்களைத் திருத்திக்கொண்டிருந்த வேளையில் மாணவர்கள் வழமைபோல வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வளாகக் குற்றங்களை வெளிப்படுத்துமாறு கல்லூரிகளை நிர்ப்பந்திக்கும் சட்டம் அமெரிக்காவில் 1990 முதல் இருக்கிறது. 2008இல் செய்யப்பட்ட திருத்தம், ஆபத்து உறுதியானதும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்றும், அந்த அறிவித்தல் முறையை ஆண்டுதோறும் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தது. நாம் சட்டமொன்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகப் பேரவையின் ஒரு தீர்மானமே போதும். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பொறுப்பு அலுவலர், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர், அவரும் கிடைக்காவிட்டால் மூன்றாமவர் என முறைப்பட்டியல் எழுதப்பட்டு, பெயரும் தொலைபேசி இலக்கமும் காவலாளியின் அறையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த அலுவலர் விடும் முதல் அறிவித்தலுக்காக மறுநாள் அவரிடம் விளக்கம் கோரப்படமாட்டாது என்ற உறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது உறுதி இல்லாவிட்டால் முதலாவதால் பயனில்லை. நமது அலுவலகங்களில் தனித்துத் தீர்மானம் எடுத்தவர் பட்ட பாட்டை அறிந்த எவரும் நள்ளிரவில் துணிந்து கையொப்பமிடமாட்டார்.

அதிகாரத்தைக் கொடுக்கும்போதே அதன் எல்லையையும் வகுத்துவிட வேண்டும். விடுதியில் தீ விபத்து ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் அறிவித்தல் இவ்வளவுதான்: "இன்றிரவு 9.40 மணியளவில் பெண்கள் விடுதியின் சமையலறையில் தீ ஏற்பட்டது. மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவினர் வந்துள்ளனர். மாணவிகள் வெளியேற்றப்பட்டு விளையாட்டு மைதானத்தில் கூட்டப்பட்டுள்ளனர். வரவுப் பதிவேட்டின்படி பெயர்கள் சரிபார்க்கப்படுகின்றன. அடுத்த அறிவித்தல் 10.30 மணிக்கு வெளியாகும்." இதில் தீக்கான காரணம் இல்லை, வருத்தம் தெரிவிக்கும் நீண்ட வாசகம் இல்லை, "அனைவரும் பாதுகாப்பாக உள்ளனர்" என்ற ஆறுதலும் இல்லை. எண்ணி முடிப்பதற்கு முன் அந்த ஆறுதலைச் சொல்லிவிட்டு, எண்ணி முடித்தபின் ஒருவர் குறைந்தால், அதற்குப் பிறகு அந்த நிறுவனம் சொல்லும் எதனையும் பெற்றோர் நம்பமாட்டார்கள். மிக முக்கியமானது கடைசி வாக்கியம். சொன்னபடி 10.30க்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும், இல்லை என்பதையே சொல்ல வேண்டும்.

முதலில் கிடைக்கும் தகவல் பிழையாக இருக்கக்கூடும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2016 ஒக்டோபர் 20 இரவு குளப்பிட்டிச் சந்திக்கருகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தபோது, அது மோட்டார் சைக்கிள் விபத்து என்றே முதலில் சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக் காயம் பின்னரே வெளிப்பட்டது. பொலிஸார் ஐவர் கைது செய்யப்பட்டனர். இத்தகைய வேளையில் ஒரு நிறுவனம் வேறொருவர் தந்த விளக்கத்தைத் தனது கடிதத்தலைப்பில் அச்சிட்டுவிட்டால், அந்த விளக்கத்துக்குத் தானும் பொறுப்பாளியாகிவிடுகிறது. இரு மாணவர்களை இழந்துவிட்டோம், காரணம் விசாரிக்கப்படுகிறது, குடும்பங்களுடன் இருக்கிறோம் என்ற அளவில் நின்றுகொள்வதற்குத் திட்டமும் வேண்டும், பழக்கமும் வேண்டும்.

செய்தி எந்த வழியாகப் போகும்? வட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களின் பின்னர் அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கி, அந்த மாத இறுதியிலேயே தடையை நீக்கியது. நாடு முழுவதும் செய்திக்காகத் தவித்த நாட்களில் நமது பிரதான வழி மூடப்பட்டிருந்தது. 2022இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும் அனுபவித்தோம். ஆகவே குறுஞ்செய்தி, வளாக ஒலிபெருக்கி, வாயிலில் எழுதிவைக்கும் பலகை, விடுதிக்கு நடந்துபோய்ச் சொல்லும் ஆள் என ஒன்று தவறினால் மற்றொன்று வேலை செய்ய வேண்டும். மரண அறிவித்தலுக்கு ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டியை அனுப்பும் ஊரில், அதை நாகரிகக் குறைவாக எண்ணிப் பட்டியலிலிருந்து நீக்குவது அறிவீனம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வெயில் அடிக்கும்போது கிளிநொச்சி அறிவியல்நகரில் வெள்ளம் நிற்கலாம் என்பதையும் மறக்கலாகாது. பீடங்கள் இரு மாவட்டங்களில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரே வாயில் பலகை போதாது.

போலி அறிவித்தல்கள் வேறு ஒரு தலையிடி. கடிதத்தலைப்பை வெட்டி ஒட்டி, பரீட்சை பிற்போடப்பட்டது என்று ஒரு படத்தைப் பரப்புவதற்கு இன்று ஐந்து நிமிடம் போதும். 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சை உண்மையாகவே இடைநிறுத்தப்பட்டபோது, மெய்யும் பொய்யும் ஒரே வேடத்தில் உலாவும் நிலையில் ஒரு மாணவர் எதை நம்புவது என்ற கேள்வி எழுந்தே தீரும். ஒவ்வோர் அறிவித்தலுக்கும் தொடரிலக்கமும் நேரமும் இட்டு, அவை யாவும் இணையத்தளத்தின் ஒரே பக்கத்தில் இருக்குமாறு செய்து, அங்கே இல்லாதது நம்முடையதன்று என்று ஆண்டின் தொடக்கத்திலேயே மாணவருக்குப் பழக்கிவிடுவது எளிய மருந்து.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். நமது பீடங்களில் சிங்கள மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள். அம்பாந்தோட்டையிலிருந்து ஒரு தாய் நள்ளிரவில் அழைத்துச் சிங்களத்தில் தன் மகனைப் பற்றிக் கேட்கும்போது, தொலைபேசியை எடுப்பவர் தடுமாறினால், அந்தத் தடுமாற்றமே தெற்கில் ஒரு வதந்தியாக விடிந்துவிடும். 2016 ஜூலையில் யாழ்ப்பாண வளாகத்தில் மாணவர்களிடையே மோதல் ஏற்பட்ட பின்னர் அது நாடு முழுவதும் இனக் கண்ணாடியால் பார்க்கப்பட்டதை நாம் அறிவோம். வாசகங்களை மும்மொழியிலும் முன்கூட்டியே எழுதி, சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். நேரத்தையும் இடத்தையும் மட்டும் நிரப்பினால் போதும் என்ற நிலையில் அவை இருக்க வேண்டும்.

மாணவர் ஒன்றியத்தை எதிர்த்தரப்பாகப் பார்க்கும் வழக்கமும் மாற வேண்டும். பதிவாளரின் கடிதம் தட்டச்சாகும் முன்னரே ஒன்றியத்தின் செய்தி எல்லா அறைகளுக்கும் போய்விடுகிறது. அவர்களுக்கு நிர்வாகம் உண்மையை முதலில் சொன்னால் அந்த வேகம் நமக்குத் துணையாகும். மறைத்தால் அதே வேகம் நமக்கு எதிராகத் திரும்பும்.

தீயும் வெள்ளமும் ஒரு நாளில் முடிந்துவிடும். பகிடிவதை, பாலியல் துன்புறுத்தல் போன்றவை மாதக்கணக்கில் உள்ளே புகைந்து, ஒரு நாள் வெளியே வெடிப்பவை. 1998இன் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நமக்கு இருக்கிறது. இருந்தும், முறைப்பாடு வெளியே வந்ததும் நிறுவனத்தின் நற்பெயரைப் பற்றிப் பேசத் தொடங்குவதே நமது இயல்பு. 2011 நவம்பரில் அமெரிக்காவின் பென் ஸ்டேற் பல்கலைக்கழகத்தின் முன்னாள் உதவிப் பயிற்றுநர் ஒருவர் சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டபோது, அதை உரிய இடத்தில் முறையிடத் தவறியதாக வழக்குத் தொடரப்பட்ட இரு நிர்வாகிகளுக்குத் தமது முழு ஆதரவும் உண்டு என்று தலைவர் 5ஆம் திகதி அறிக்கை விட்டார். 9ஆம் திகதி அவர் பதவியில் இருக்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் தரப்பிலிருந்து முதல் வாக்கியத்தை எழுதாத அறிக்கையை வெளியிடாமல் இருப்பதே மேல். உயிரிழப்பாயின், குடும்பத்தினருக்கு நேரில் ஒருவர் போய்ச் சொல்லும்வரை பெயர் எங்கும் வரக்கூடாது. தற்கொலை என்று ஐயமிருப்பின், முறையையும் இடத்தையும் விவரிக்கக்கூடாது.

இவையனைத்தையும் எழுதி அழகாகக் கட்டி அலுமாரியில் வைப்பது நமக்குக் கைவந்த கலை என்பதால் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். மாரி மழைக்கு முன்பாக, ஒக்டோபரில் ஒரு வேலைநாளின் இரவு எட்டு மணிக்குப் பிறகு, துணைவேந்தர் தொடர்பில் இல்லை என்று பாவனை செய்து, முன்னறிவித்தலின்றி ஓர் ஒத்திகை நடத்துங்கள். காவலாளியின் முதல் அழைப்பிலிருந்து கிளிநொச்சி விடுதியின் கடைசி அறைக்குச் செய்தி சேரும்வரை எவ்வளவு நேரம் எடுத்தது, எந்த இலக்கம் பாவனையில் இல்லை, எந்தச் சிங்கள வாசகம் பிழை, யார் தொலைபேசியை எடுக்கவில்லை என்பதைக் குறித்து, பெயர்களை மறைக்காமல் அடுத்த பேரவைக் கூட்டத்தில் சமர்ப்பியுங்கள்.