பெயரில்லாத டப்பாவும் ஒரு சுத்தியலும்

வணக்கம் நண்பர்களே. நண்பர் ஒருவர் பெயர் எழுதாத டப்பாவில் பாதாம் அனுப்பியிருக்கிறார். பழைய ரகமாம், அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். (தட்டும் சத்தம்) உடைகிறதா பாருங்கள்! கலிஃபோர்னியாவின் நான்பரேல் ரகம் என்றால் விரலாலேயே ஓட்டைப் பிரித்துவிடலாம். ஸ்பெயின், இத்தாலியின் பழைய ரகங்கள் பலவற்றுக்குச் சுத்தியல்தான்.

இந்தக் கொட்டையை நட்டால் அதே ரகம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான பாதாம் மரங்கள் தம் மகரந்தத்தில் தாமே காய்ப்பதில்லை. பக்கத்தில் வேறு ரகம் வேண்டும். அதனால் ஒவ்வொரு கொட்டையும் ஒரு கலப்புப் பிள்ளை. அந்த மரத்தின் குச்சியை வெட்டி வேறு கன்றில் ஒட்டுக் கட்டினால்தான் ரகம் பிழைக்கும். கடைசி மரத்தை வெட்டிவிட்டால், அறை நிறைய விதை இருந்தும் பயனில்லை. அதனால்தான் மரங்களையே தோப்பாக வைத்துக் காக்கிறார்கள். சிசிலியின் அக்ரிஜெந்தோவில், பழைய கிரேக்கக் கோயில்களுக்கு நடுவே அப்படியொரு தோப்பு இருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அங்கே வேலை செய்பவர்கள்மீது.

ஆனால் காப்பது பாதி வேலைதான். காப்பது எதை என்று தெரிய வேண்டாமா? ஸ்பெயினில் குவாரா என்ற பெயரில் புது ரகமாக வெளிவந்து பரவிய மரத்தை மரபணுச் சோதனையில் ஒப்பிட்டார்கள். அது இத்தாலியின் பூலியாவைச் சேர்ந்த பழைய துவோனோதான். இரண்டு பெயர், ஒரே மரம்!

அந்தத் துவோனோவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அது தன் மகரந்தத்திலேயே காய்க்கும் அபூர்வ ரகம். இதை எப்படிக் கண்டறிவார்கள் தெரியுமா? மொட்டு விரியும் முன்பே கிளைக்குப் பை கட்டிவிடுவார்கள், தேனீ நுழையாதபடி. பிறகு எத்தனை காய் பிடித்தது என்று எண்ணுவார்கள். பையும் பொறுமையும் போதும். பிரான்சின் லொரான் போன்ற புது ரகங்களுக்கு இந்தக் குணம் துவோனோவிடமிருந்துதான் வந்தது.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. ஸ்பெயினின் தெஸ்மாயோ லார்கெத்தா சீக்கிரம் பூத்துப் பனியில் மாட்டிக்கொள்ளும். துவோனோவிலும் குறை உண்டு: ஒரே ஓட்டுக்குள் இரண்டு பருப்பு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கோணலாக வளரும். வியாபாரிகளுக்கு அது பிடிக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை வெட்டித் தள்ளியிருந்தால்?

சரி, இன்னொரு தட்டு. (உடையும் சத்தம்) அட! இதிலும் இரண்டு பருப்பு. டப்பாவின்மேல் முதல் குறிப்பாக இதையே எழுதிவைக்கிறேன்.