தும்பை விட்டவர்கள்

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, மேடையில் இடமில்லாமல் ஓரமாக நாற்காலி போட்டிருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, எனக்குப் போர்த்திய பொன்னாடையைப் பத்திரமாக மடியில் வைத்திருக்கும் புரவலர் அவர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கணும், தலைவர் சீட்டில் எழுதிக் கொடுத்த வரிசை இது.

தீர்ப்பு வராமலே சிறையில் கிடக்கிற விசாரணைக் கைதிகளுக்காகக் கையெழுத்து வாங்குகிற கூட்டம் இது. அதற்காக, ஸ்பெயின் நாட்டின் ஒரு பகுதியான கேட்டலோனியாவில் தனிநாடு கேட்டு வாக்கெடுப்பு நடத்தியவர்கள் மேல் போட்ட வழக்கைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். 2017 அக்டோபர் 1 வாக்கெடுப்பு ஒன்று, மாட்ரிட் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்ட கேட்டலோனியத் தலைவர் லூயிஸ் கொம்பானிஸ் ஒன்று. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, எந்த மேடையிலும் நான் சொல்கிற பழமொழிதான், அதுதான் அங்கே நடந்தது. பேசித் தீர்க்க வருஷக்கணக்கில் நேரம் இருந்தபோது பேசாமல், பெட்டி வைத்து ஓட்டுப் போடுகிற கட்டம் வந்த பிறகு போலீசையும் அப்புறம் நீதிமன்றத்தையும் அனுப்பினார்கள் மாட்ரிட் அரசுக்காரர்கள்.

வாக்கெடுப்புக்குப் பதினோரு நாள் முந்தைய கதையைக் கேளுங்கள். செப்டம்பர் 20, கேட்டலோனியாவின் தலைநகர் பார்சிலோனா. கேட்டலோனியா அரசின் பொருளாதாரத் துறைக் கட்டிடத்தில், வாக்கெடுப்பு ஏற்பாடுகளைத் தேடி, ஸ்பெயின் அரசின் கார்டியா சிவில் போலீஸ் சோதனை போடுகிறது, வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம். சோதனைக்கு வந்த நீதிமன்றப் பெண் அதிகாரி வாசல் வழியாக வரமுடியாமல் மொட்டைமாடி ஏறி, பக்கத்துத் தியேட்டருக்குள் இறங்கி, காட்சி முடிந்து போகிற ஜனங்களோடு ஜனமாக வெளியேறினார். (சிரிக்காதீர்கள், பாவம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!) தெருவில் நின்ற போலீஸ் வண்டிகளை ஏற்கெனவே நொறுக்கிவிட்டிருந்தார்கள். அதில் ஒன்றின்மேல் இரவில் இரண்டு பேர் ஏறினார்கள். ஜோர்டி சாஞ்செஸ், ஜோர்டி குயிஷார்ட், இரண்டு பேருமே ஜோர்டி, அப்போது பதவி எதிலும் இல்லாத இயக்கத் தலைவர்கள். கையில் மெகாஃபோன். சொன்னது என்ன? கலைந்து வீட்டுக்குப் போங்கள் என்று. கூட்டத்தைத் திரட்டியதே இவர்கள்தானே என்றது அரசுத் தரப்பு.

அக்டோபர் 16-ஆம் தேதி இந்த இரண்டு ஜோர்டிகளையும் உள்ளே தள்ளினார்கள். தீர்ப்பு வந்தது 2019 அக்டோபர் 14. இரண்டு நாள் குறைய இரண்டு வருஷம், ஐயா! தீர்ப்பே வராத சிறை! கலகம் என்று வழக்குப் போட்டார்கள், அந்த அளவுக்கு வன்முறை இல்லை என்று நீதிமன்றமே சொல்லி, கூட்டம் சேர்த்துச் சட்டத்தைத் தடுத்த ‘செடிஷன்’ குற்றம் என்று குறைத்து, இவர்களுக்கு ஒன்பது ஒன்பது வருஷம், கேட்டலோனியாவின் முன்னாள் துணை முதல்வர் ஜுன்கேராஸுக்குப் பதின்மூன்று. 2021-இல், இந்த வழக்கில் சிறையில் இருந்த ஒன்பது பேருக்கும் மன்னிப்பு. அடுத்த வருஷக் கடைசியில் அந்தச் சட்டப்பிரிவையே நாடாளுமன்றம் நீக்கியது. மறுபடியும் தும்பு, வால்! பிரிவு போய்விட்டது, அந்த இரண்டு வருஷத்தை யார் தருவார்?

நீதிபதி ஐயா முகத்தைச் சுளிக்கிறார், தெரிகிறது. வாக்கெடுப்பை அரசியல் சட்ட நீதிமன்றம் தடுத்திருந்தது, மீறினார்கள், சரி, விசாரியுங்கள். அதற்கு ஜாமீன் இல்லாமல் அடைத்துத்தான் வைக்கணுமா? பெரிய தலைவர்களுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத விசாரணைக் கைதியை நினைத்துப் பாருங்கள். அவருக்காகத்தான் இந்தக் கையெழுத்து இயக்கம்.

கொம்பானிஸ் பாக்கி. தலைவர் மணி அடித்துவிட்டார், அவரை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம்.